பறவைத் துப்பாக்கி கிட்: பெட்டி வரும் முன்பே ஆரம்பிக்கிற தவறுகள்

புதிதாக ஒரு பறவைத் துப்பாக்கி கிட் (பாகங்களாக வந்து நாமே கோத்து முடிக்கிறது) வரப்போகிறது என்று தெரிந்ததும் அமெரிக்கக் கருமருந்துத் துப்பாக்கிப் பிரியர்கள் பலர் முதலில் செய்வது சாமான் வாங்குவதுதான். உளி, அரம், ஆளி விதை எண்ணெய், வெள்ளிக் கம்பி எல்லாம் மேசைக்கு வந்துவிடும். துப்பாக்கி மட்டும் வந்திருக்காது. கை சும்மா இருக்கிற அந்த நாட்களில் எடுக்கிற முடிவுகள்தான் பிறகு நல்ல கட்டையைக் கெடுக்கின்றன என்று நினைக்கிறேன்.

எதற்காகக் காத்திருக்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அதன் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் வாத்தும் புறாவும் சுட வைத்திருந்த துப்பாக்கி இது. முன்வாயில் மருந்து கெட்டித்து, சிக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடுவது. 1775இல் மாசசூசெட்ஸ் விவசாயிகள் பிரிட்டிஷ் படைக்கு எதிராகத் திரண்டபோது பலர் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்ததும் இந்த வகைதான். குழல் நாலடிக்குக் குறையாமல் நீண்டிருப்பது சாதாரணம். உள்ளே புரி கிடையாது, வழவழப்பாக இருக்கும். 20 போர் என்றால் குழலின் வாய்க்குப் பொருந்துகிற ஈயக் குண்டுகள் 20 சேர்ந்து ஒரு பவுண்டு எடை; விட்டம் 0.615 அங்குலம். முன்பெல்லாம் கிட் என்றால் பாதி வேலையை நாமே உளியால் முடிக்க வேண்டும். ஒஹையோவின் கிப்லர் போன்ற பட்டறைகள் கணினி எந்திரத்தில் கடைந்த கட்டைகளைத் தர ஆரம்பித்த பிறகு, குழலும் லாக்கும் (பொறி கிளப்பிச் சுட வைக்கிற இயந்திரப் பகுதி) கட்டையில் அப்படியே போய் உட்காருகின்றன. ‘இனி நமக்கு வேலையே இல்லை’ என்ற நினைப்பும் அதோடு வந்துவிட்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் 1968 துப்பாக்கிச் சட்டம் இந்த வகைப் பழைய துப்பாக்கிகளையும் அவற்றின் நகல்களையும் பழம்பொருள் என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆனாலும் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும், விசாரித்துவிட்டு ஆர்டர் செய்யுங்கள். இந்தியாவில் அந்தச் சலுகை கிடையாது. 1959 ஆயுதச் சட்டப்படி, முன்வாயில் கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கியை வைத்திருக்கவும் உரிமம் வேண்டும், செய்யவும் உரிமம் வேண்டும். ‘வெறும் உதிரிபாகம்தானே’ என்று ஊருக்குப் பார்சல் போடுவது வம்பை விலைக்கு வாங்குகிற வேலை.

சரி, பெரிய தவறுக்கு வருவோம். பலருக்கு இதற்கு முன் பழக்கம் ரைஃபிள் கிட்தான். அதனால் இதையும் ரைஃபிளாகவே நினைத்துவிடுகிறார்கள். கட்டையின் பக்கத்தில் மூடி போட்ட பித்தளைப் பெட்டி வைக்கலாமா, பின் குறி (கண்ணுக்கு அருகே குறி பார்க்கிற காடி) ஒன்று பொருத்தலாமா என்று யோசிக்கிறார்கள். பறவைத் துப்பாக்கிக்குப் பின் குறியே கிடையாது. முனையில் ஒரு சின்ன மணி மட்டும் இருக்கும். சுடுகிறவரின் கண்தான் பின் குறி. கட்டையின் மேல்விளிம்பில் கன்னம் எங்கே படிகிறதோ, அதுதான் அந்தக் கண்ணின் உயரத்தைத் தீர்மானிக்கும். ஆகவே தைத்து வாங்குகிற சட்டை மாதிரி, கட்டை அவரவர் உடம்புக்குப் பொருந்த வேண்டும். ஆர்டருக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி மரத்தில் வரி எப்படி இருக்கும் என்பதல்ல. விசையிலிருந்து கட்டையின் அடி வரை எத்தனை அங்குலம், மேல்விளிம்பு குழலின் மட்டத்திலிருந்து எவ்வளவு இறங்குகிறது, இந்த இரண்டையும் கேளுங்கள்.

பெட்டி வந்ததும் பாகங்களைத் தற்காலிகமாகக் கோத்து, கண்ணை மூடித் தோளில் வைத்து, அப்புறம் திறந்து பாருங்கள். குழலின் முதுகு நெடுகத் தெரிந்தால் சுட்டது குறிக்கு மேலே போகும். குழலின் பின்புறம் மணியை மறைத்தால் கன்னம் தாழ்வாக இருக்கிறது என்று பொருள். உயரமாக இருப்பதைச் சீவிச் சரிசெய்யலாம், சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. எனவே காகிதத்தில் சுட்டுப் பார்க்கும் வரை மேல்விளிம்பைத் தொடாதீர்கள். எண்ணெய் பூசி மெருகேற்றிய பிறகு மறுபடி சீவ மனசு வராது என்பதால், பூச்சுக்கு முன்பே சுட்டுப் பார்ப்பது உத்தமம்.

அடுத்தது, இறுக்கமாக இருப்பதைத் தட்டி இறக்குவது. எந்திரம் கடைந்த பள்ளம் மயிரிழை இடைவெளியில் இருக்கும்; மரம் ஈரத்துக்குக் கொஞ்சம் ஊதினாலே லாக் உள்ளே போகாது. அப்போது ரப்பர் சுத்தியலை எடுத்தால் பள்ளத்தின் ஓரம் சில்லாகத் தெறிக்கும். விளக்குக் கரியை லாக்கின் விளிம்பில் மெல்லத் தடவி, வைத்து எடுத்தால், மரத்தில் எங்கே கறுப்பு ஒட்டுகிறதோ அங்கேதான் தடை. அந்த இடத்தை மட்டும் சுரண்ட வேண்டும். பெரும்பாலும் ஒரு நகக்கீறல் அளவுதான் இருக்கும்.

குழலைப் பிரிக்கும்போதும் கவனம். முன்கட்டை முனையருகே அட்டை மாதிரி மெலிந்திருக்கும். முதலில் லாக், பிறகு குழலின் பின்முனையைப் பிடித்திருக்கிற வால் திருகு, பிறகு குழலைக் கட்டையோடு பிணைக்கிற குறுக்கு ஊசிகள் என்று வரிசையாகக் கழற்றி, துப்பாக்கியைக் கவிழ்த்து, குழலை முழு நீளத்துக்கும் ஒரே சீராக விடுவிக்க வேண்டும். முனையைப் பிடித்து நெம்பினால் முன்கட்டை விரிந்துவிடும். குழலின் அடியில் ஊசி நுழைகிற காதுகளில் துளை சற்று நீளவாக்கில் இருந்தால் அதைக் குறை என்று நினைத்து அடைக்காதீர்கள். பருவத்துக்குப் பருவம் மரம் அசையும், இரும்பு அப்படி அசையாது. அதற்காகத்தான் அந்த இடைவெளி.

உப்புத்தாள் விஷயத்தில் ஆர்வம் அதிகமாகிவிடுகிறது. உலோகப் பாகங்களைக் கழற்றி வைத்துவிட்டு மரத்தை மட்டும் தேய்ப்பார்கள். திரும்பப் பொருத்தும்போது மரம் மழுங்கி, உலோகம் மேலே துருத்தி நிற்கும். பாகங்கள் உள்ளே இருக்கும்போதே, தாளை மரக்கட்டையில் சுற்றிப் பிடித்துத் தேய்க்க வேண்டும். விரலால் தேய்த்தால் லாக்கைச் சுற்றிய தட்டைப் பகுதியின் கூர் விளிம்பு உருண்டு போகும். பழைய துப்பாக்கிகளின் அழகில் பாதி அந்த விளிம்பில்தான் இருக்கிறது.

நிறம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேப்பிளுக்குச் சாயக் கரைசல் பூசிச் சூடு காட்டுவார்கள், வால்நட்டுக்கு எண்ணெயே போதும். எதுவானாலும் மிச்சத் துண்டில் பூசிப் பார்த்துவிட்டுக் கட்டைக்கு வாருங்கள். குழலுக்கு இன்றைய ரசாயனக் குளியலின் பளபளக் கறுப்பு மட்டும் வேண்டாம், அது அந்தக் காலத்தில் கிடையாது.

லாக்கை வாங்கியவுடன் பிரித்துப் பார்க்கிற ஆசை எல்லோருக்கும் வரும். முக்கிய வில்லுக்கென்றே ஒரு சின்ன இடுக்கி விற்கிறது. அது இல்லாமல் குறடால் இழுத்தால் வில் முறியும், அல்லது எகிறி முகத்தில் அடிக்கும். ‘விசை இன்னும் மென்மையாக இருக்கட்டும்’ என்று கல்லைத் தாங்கியிருக்கிற குதிரையைப் பிடித்து நிறுத்துகிற கொக்கியை அரத்தால் தீட்டுவது அதைவிட ஆபத்து. கோணம் கொஞ்சம் மாறினாலும் பாதியில் நிறுத்திய குதிரை தானாக விழும். பொறி வரவில்லை என்றால் பழியைக் கல்மேல் மட்டும் போடாதீர்கள். எரிகிற துணுக்கு கல்லுடையதல்ல, கல் சீவியெடுக்கிற எஃகுடையது. கல் வந்து மோதுகிற எதிர்த்தகடு சரியாகப் பதப்படுத்தப்படாமல் மிருதுவாக இருந்தால் எந்த ஊர்க் கல்லை மாட்டினாலும் பொறி வராது. தகட்டைப் பட்டறைக்கே திருப்பி அனுப்புங்கள்.

சுடுகிற நாளில் ஒரு விதிக்கு விலக்கே கிடையாது: கருமருந்து மட்டும். தோட்டாக்களில் வருகிற புகையில்லா மருந்தைச் சிட்டிகை அளவு கலந்தாலும் குழல் வெடிக்கலாம். முதல் சூட்டைக் கையில் பிடித்துச் சுடாமல், துப்பாக்கியைக் கட்டி வைத்து, தூரத்திலிருந்து கயிற்றால் விசையை இழுப்பது பழைய வழக்கம், அதை விடாதீர்கள். பொறி விழுகிற கிண்ணியில் பற்றுமருந்தை நிரப்பி, குழலுக்குள் தீ போகிற துளையை அடைத்தால் அது திரி போல எரிந்து துப்பாக்கி வெடிப்பது தாமதமாகும்.

கெட்டிக்கிற கோலில் இரண்டு கோடு போடுங்கள், குழல் காலியாக இருக்கும்போது ஒன்று, மருந்தும் ரவையும் (சின்னச் சின்ன உலோகக் குண்டுகள்) உள்ளே இருக்கும்போது ஒன்று. சுவரில் மாட்டியிருக்கிற துப்பாக்கியைக் கையில் எடுக்கிற யாரும் கோலை விட்டுப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். வாத்து வேட்டைக்கு என்றால் இன்னொன்று. அமெரிக்காவில் நீர்ப்பறவைகளுக்கு ஈய ரவை 1991 முதல் நாடு முழுக்கத் தடை. அதற்குப் பதிலாக எஃகு ரவையை அப்படியே போட்டால் மெல்லிய குழலின் உட்புறத்தில் கீறல் விழும், பிஸ்மத் ரவை வாங்குங்கள். விலை கூடுதல்தான்.