அடுத்த பாகத்தை இயக்குவது யார்? யூகிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனதுக்குப் பிடித்த அறிவியல் புனைவுப் படத்தொடரின் அடுத்த பாகத்தை யார் இயக்கப்போகிறார் என்று ஒரு செய்தி வந்தால், கண் நேராகப் பெயருக்குத்தான் போகிறது. பிடித்த பெயராக இருந்தால் கொண்டாட்டம், இல்லையென்றால் புலம்பல். பல வருடங்களாக இந்தச் செய்திகளை விடாமல் படித்து வருகிறவன் நான். யாராவது கேட்டால் முதலில் சொல்வது இதைத்தான்: பெயர்ச்சொல்லை விடுங்கள், வினைச்சொல்லைப் படியுங்கள். யூகம் பொய்த்துப்போகும் இடங்களில் பாதி, அந்த வினைச்சொல்லை நாம் கவனிக்காமல் விட்ட இடங்கள்.

ஹாலிவுட் செய்தியாளர்கள் இந்த விஷயத்தில் வார்த்தைகளை அளந்துதான் எழுதுகிறார்கள். ஒருவர் "பரிசீலனையில் இருக்கிறார்" என்றால் ஸ்டூடியோவின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். "ஆரம்பகட்டப் பேச்சு நடக்கிறது" என்றால் சம்பளம், கால்ஷீட், கதையில் அவருக்குள்ள உரிமை எதுவும் முடிவாகவில்லை. "ஒப்பந்தமாகிவிட்டார்" என்பது வேறு. "படப்பிடிப்பைத் தொடங்கிவிட்டார்" என்பது முற்றிலும் வேறு. மூலச் செய்தியில் "இயக்கக்கூடும்" என்று இருப்பது இரண்டு கை மாறியதும் "இயக்கவிருக்கிறார்" ஆகிறது. அன்று மாலைக்குள் "இயக்குகிறார்" ஆகிவிடுகிறது. நம் மொழியில் "என்று கூறப்படுகிறது" என்று ஒரு வால் இருக்கிறது. தலைப்பில் அது விடுபட்டிருக்கும், செய்தியின் கடைசி வரியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வாலைத் தேடிப் பிடித்துப் படிப்பது நல்லது.

ஜுராசிக் வேர்ல்ட் தொடரில் 2024 தொடக்கத்தில் நடந்ததைப் பாருங்கள். டேவிட் லீட்ச் பேச்சுவார்த்தையில் இருக்கிறார் என்று செய்தி வந்தது. செய்தி பொய்யில்லை, பேச்சு நடந்தது உண்மைதான். ஆனால் சில நாட்களிலேயே அவர் விலகினார். அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே கேரத் எட்வர்ட்ஸ் அந்த இடத்துக்கு வந்தார். முதல் செய்தியைக் கூர்ந்து படித்தவர்களுக்கு இதில் பெரிய அதிர்ச்சி இருந்திருக்காது. டேவிட் கெப் திரைக்கதை எழுதிக்கொண்டிருந்தார், வெளியீட்டுத் தேதி 2025 ஜூலை 2 என்று குறித்தாகிவிட்டது. கதையும் தேதியும் முடிவான பிறகு உள்ளே வரும் இயக்குநருக்குத் தன் விருப்பத்துக்கு அசைந்துகொடுக்க எவ்வளவு இடம் மிஞ்சும்? "யார்" என்பதோடு "எந்த நிலையில் அழைக்கிறார்கள்" என்பதையும் சேர்த்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று இருக்கிறது. இயக்குநர் உறுதியாகிவிட்டால் படமும் உறுதியாகிவிட்டது என்று நம்புவது. இதற்கு ஸ்டார் ட்ரெக்கைவிட நல்ல பாடம் கிடைக்காது, கொஞ்சம் நிதானமாகவே பார்ப்போம்.

2016 ஜூலையில் ஜஸ்டின் லின் இயக்கிய ஸ்டார் ட்ரெக் பியாண்ட் வெளியாவதற்குச் சில நாட்கள் முன்பே, அடுத்த படம் உண்டு, நடிகர் கிறிஸ் ஹெம்ஸ்வொர்த் திரும்பி வருகிறார் என்று பாரமவுண்ட் ஸ்டூடியோ அறிவித்தது. 2017 டிசம்பரில் க்வென்டின் டாரன்டினோ ஒரு கதையோடு ஸ்டூடியோவை அணுகினார் என்ற செய்தி உலகம் முழுக்கப் பரவியது. 2018இல் எஸ்.ஜே. கிளார்க்சன் தேர்வானார். படம் எடுக்கப்பட்டிருந்தால் ஸ்டார் ட்ரெக் திரைப்படம் ஒன்றை இயக்கிய முதல் பெண் அவராகத்தான் இருந்திருப்பார். 2019 நவம்பரில் நோவா ஹாலி எழுதி இயக்குவார் என்றார்கள். 2021இல் மேட் ஷாக்மன் வந்தார், வெளியீட்டுத் தேதிகூடக் குறிக்கப்பட்டது. 2022 ஆகஸ்டில் அவர் விலகி ஃபென்டாஸ்டிக் ஃபோர் பக்கம் போனார். 2024 ஜனவரியில் டோபி ஹெய்ன்ஸ் பெயர் வந்தது, அதுவும் வேறொரு முன்கதைப் படத்துக்காக. பியாண்டுக்குப் பிறகு 2025 முடியும்வரை ஒரு ஸ்டார் ட்ரெக் படம்கூடத் திரையரங்குக்கு வரவில்லை.

இந்தப் பெயர்களில் ஒன்றுகூட யாரோ கிளப்பிவிட்ட கட்டுக்கதை இல்லை. ஒவ்வொன்றும் வந்த நாளில் உண்மை. தப்புக் கணக்குப் போட்டது நாம்தான். இயக்குநர் யார் என்று வாதாடிக்கொண்டிருந்த நேரத்தில், படத்துக்குப் பணம் போடுவார்களா என்ற கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. பியாண்டின் தயாரிப்புச் செலவு சுமார் 18.5 கோடி டாலர், உலக வசூல் சுமார் 34 கோடி டாலர். 2013இல் வந்த முந்தைய படம் 46 கோடிக்கு மேல் வசூலித்திருந்தது. வசூலில் கிட்டத்தட்ட பாதி திரையரங்குகளுக்குப் போய்விடும், விளம்பரச் செலவு தனி. இந்தக் கணக்கு கையில் இருக்கும்போது ஸ்டூடியோ நடிகர்களின் சம்பளத்தைக் குறைக்கத்தான் பார்க்கும். 2018 ஆகஸ்டில் கிறிஸ் பைன், ஹெம்ஸ்வொர்த் இருவரோடும் பேச்சு முறிந்ததற்குச் சம்பளமே காரணம் என்று அப்போது செய்திகள் வந்தன. அதற்கடுத்த சில மாதங்களில் கிளார்க்சனின் படம் கிடப்பில் போடப்பட்டது. அவர் திறமைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே அடுத்த படத்தைப் பற்றி யூகிக்க உட்காரும் ரசிகர் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது போன படத்தின் வரவு செலவை.

இன்னொரு தவறு எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. ரசிகர்கள் போடும் பட்டியல்களில் எப்போதும் அதே ஐந்தாறு பெரிய பெயர்கள்தான். நோலன், வில்நெவ், மறுபடியும் நோலன். அவர்கள் பெரிய கலைஞர்கள், சந்தேகமில்லை. ஆனால் இந்தத் தொடர்கள் எப்படி வளர்ந்தன என்று பார்த்தால் கதையே வேறு.

ஏலியன் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1979இல் முதல் படத்தை இயக்கிய ரிட்லி ஸ்காட் அதற்கு முன் எடுத்திருந்தது ஒரே ஒரு திரைப்படம். அவர் விளம்பரப் படங்களிலிருந்து வந்தவர். 1986இல் இரண்டாம் பாகத்தை இயக்கிய ஜேம்ஸ் கேமரூனிடம் காட்டிக்கொள்ள இருந்தது 1984இல் வந்த டெர்மினேட்டர் மட்டும்தான். மூன்றாம் பாகத்துக்கு முதலில் ரென்னி ஹார்லின் இருந்தார், விலகினார். பிறகு வின்சென்ட் வார்ட் வந்தார். மரத்தால் ஆன ஒரு கோளில் துறவிகள் வாழ்வதாக அவர் கற்பனை செய்திருந்தார். அவரும் போன பிறகு இசை வீடியோக்கள் எடுத்துக்கொண்டிருந்த டேவிட் ஃபின்ச்சர் அழைக்கப்பட்டார். 1992இல் வெளியான ஏலியன் 3 அவருடைய முதல் திரைப்படம். இன்று ஸ்காட், கேமரூன், ஃபின்ச்சர் மூவரின் பெயரையும் கேட்டால் ஜாம்பவான்கள் என்கிறோம். அழைக்கப்பட்ட நாளில் எந்த ரசிகர் பட்டியலிலும் அவர்கள் இடம்பெற்றிருக்க மாட்டார்கள்.

ஸ்டார் ட்ரெக்கின் இரண்டாம் படத்தை 1982இல் இயக்கிய நிக்கோலஸ் மேயருக்கும் அது இரண்டாவது படம்தான். மூன்றையும் நான்கையும் இயக்கியது அதே தொடரில் ஸ்பாக் என்ற பாத்திரத்தில் நடித்த லியனார்ட் நிமாய். 1996இல் வந்த ஃபர்ஸ்ட் கான்டாக்ட்டை இயக்கிய ஜோனதன் ஃப்ரேக்ஸும் அதில் நடித்தவர்தான், அதற்கு முன் தொலைக்காட்சித் தொடரில் சில பகுதிகளை இயக்கிப் பழகியிருந்தார். ஆகவே யூகிக்கிறவர்கள் விருது மேடையைப் பார்ப்பதைவிட, சின்னச் செலவில் ஒரு நல்ல படம் எடுத்து முடித்தவர்களையும், அதே தொடரின் உள்ளே வேலை பார்க்கிறவர்களையும் பார்க்கலாம். ஸ்டூடியோ பார்ப்பதும் அங்கேதான். தன் முடிவே இறுதி முடிவு என்று கேட்கும் அளவுக்கு உயர்ந்துவிட்ட ஒருவரைவிட, தயாரிப்பாளர் சொல்வதைக் காதில் வாங்கும் ஒருவர் அவர்களுக்கு வசதி. இது கசப்பாக இருக்கலாம், ஆனால் நடப்பது இதுதான்.

ஓவியங்களைச் சாட்சியாக நம்புவதும் ஆபத்து. 2015 ஜனவரியில் இயக்குநர் நீல் புளோம்காம்ப் தான் கற்பனை செய்த ஏலியன் படத்தின் ஓவியங்களை வெளியிட்டார். ஏலியனின் மேலோட்டையே உடுப்பாக அணிந்த தொடரின் நாயகி ரிப்ளி. முகத்தில் தழும்போடு, உயிரோடு நிற்கும் இரண்டாம் பாகத்தின் வீரன் ஹிக்ஸ். அந்த ஓவியங்களை நான் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்த இரவு இன்னும் நினைவில் இருக்கிறது. அடுத்த மாதமே அதுதான் தன் அடுத்த படம் என்று அவர் சொன்னார். அதே நேரத்தில் ரிட்லி ஸ்காட் ஏலியனுக்கு முன்கதையான தன் ப்ரொமீதியஸ் கதையைத் தொடர விரும்பினார். 2017இல் வந்தது ஸ்காட்டின் கவனென்ட். புளோம்காம்ப்பின் படம் வரவேயில்லை. ஓவியம் எவ்வளவு அழகாக இருந்தாலும், ஒரே தொடருக்குள் இரண்டு திட்டங்கள் போட்டியில் நின்றால் உரிமையும் செல்வாக்கும் யார் பக்கம் என்று பார்க்க வேண்டும்.

மறுப்பை இறுதி வார்த்தையாக எடுத்துக்கொள்வதும் இதே வகைதான். 2012 அக்டோபர் கடைசியில் டிஸ்னி லூகாஸ்ஃபிலிமை வாங்குவதாக அறிவித்ததும் ஸ்டார் வார்ஸ் ஏழாம் பாகத்துக்குப் பெயர்கள் பறந்தன. ஜே.ஜே. ஆப்ராம்ஸ் தான் அதை ஏற்கவில்லை என்றும், ரசிகனாகவே இருந்து பார்க்க விரும்புவதாகவும் பேட்டியில் சொன்னார். பட்டியல்களிலிருந்து அவர் பெயரை எல்லோரும் அடித்துவிட்டார்கள். 2013 ஜனவரியில் அவரே இயக்குநர் என்று அறிவிப்பு வந்தது. அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. மனம் மாறுகிறது, கேத்லீன் கென்னடி போன்ற ஒரு தயாரிப்பாளர் நேரில் பேசும்போது இன்னும் சீக்கிரம் மாறுகிறது.

வெளியே நமக்குத் தெரியாத காரணங்களும் உண்டு. 1983இல் வந்த ஸ்டார் வார்ஸ் படமான ரிட்டர்ன் ஆஃப் த ஜெடையை ஸ்பீல்பெர்க் ஏன் இயக்கவில்லை என்று இன்றும் கேட்கிறார்கள். அதற்கு முந்தைய படத்தில் இயக்குநர் பெயரைத் தொடக்கத்தில் போடவில்லை என்று இயக்குநர்கள் சங்கம் அபராதம் விதித்தது, ஸ்டார் வார்ஸை உருவாக்கிய ஜார்ஜ் லூகாஸ் சங்கத்தை விட்டே வெளியேறினார். சங்க உறுப்பினரான நண்பர் ஸ்பீல்பெர்க்கை அழைக்க வழியில்லாமல் போனது. டேவிட் லிஞ்சை அழைத்தார், அவர் மறுத்தார். கடைசியில் பிரிட்டனைச் சேர்ந்த ரிச்சர்ட் மார்க்வாண்ட் இயக்கினார். அதே சங்கம் பொதுவாக ஒரு படத்துக்கு ஒரு இயக்குநர்தான் என்று விதி வைத்திருக்கிறது. ஏற்கெனவே ஜோடியாக வேலை செய்கிறவர்களுக்குத்தான் விலக்கு கிடைக்கும். "இவரும் அவரும் சேர்ந்து எடுத்தால் எப்படி இருக்கும்" என்ற ஆசை பெரும்பாலும் இந்த விதியிலேயே முட்டி நின்றுவிடும்.

திரைப்படத் தகவல் தளமான ஐஎம்டிபி பக்கத்தில் பெயர் இருக்கிறதே என்று சிலர் ஆதாரம் காட்டுவார்கள். அந்தத் தகவலைப் பயனர்களும் அனுப்பலாம். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். யூகத்தில் அடிபடும் பெயருக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார். கையெழுத்துப் போடாத வேலைக்காக, எடுக்காத படத்துக்காக அவரைத் தேடிப்போய் வசைபாடுவது அநியாயம். அவருக்கு அந்த அழைப்பே வந்திருக்காமல் இருக்கலாம். ஒருவருடைய மதிப்பைக் கூட்ட ஏஜென்ட் தரப்பிலிருந்தே பெயரைக் கசியவிடும் வழக்கமும் அந்தத் தொழிலில் உண்டு. அவருடைய படங்களை விமர்சியுங்கள், அதற்கு முழு உரிமை இருக்கிறது.

சரி, நம்பக்கூடிய செய்தி எப்படி இருக்கும்? 2020 டிசம்பரில் ஒரு ஸ்டார் வார்ஸ் படத்துக்கு இயக்குநர் பேட்டி ஜென்கின்ஸ் பெயரும் ரோக் ஸ்குவாட்ரன் என்ற தலைப்பும் 2023 டிசம்பர் என்ற தேதியும் வந்தன. 2022 செப்டம்பரில் அந்தப் படம் அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டது. ஆகவே பெயர், தலைப்பு, தேதி மூன்றும் இருந்தாலும் போதாது. ஷான் லெவி ஒரு ஸ்டார் வார்ஸ் படத்துக்காகப் பேசிவருகிறார் என்று 2022 நவம்பரில் முதல் செய்தி வந்தபோது பலர் அதையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தார்கள். இரண்டரை வருடம் கழித்து, 2025 ஏப்ரலில் ஜப்பானில் நடந்த ஸ்டார் வார்ஸ் விழா மேடையில் அவர் நின்றார். பக்கத்தில் கதாநாயகன் ரயன் காஸ்லிங். ஸ்டார்ஃபைட்டர் என்ற தலைப்பு, 2027 மே 28 என்ற தேதி, அதே வருடத்தில் படப்பிடிப்பு என்ற வாக்கு, எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன. ஆகஸ்ட் மாதம் கேமராவும் ஓடத் தொடங்கியது.