பெயர் மறந்துபோன ஃபைலை வகை சொல்லித் தேடுவது எப்படி?

ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-இல் முடியும். அந்தக் கடைசி வாரத்தில், ராமேஸ்வரம் பக்கம் தங்கச்சிமடத்தில் எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு விசைப்படகுக்காரர்கள் வரிசையாக வருவார்கள். "தம்பி, போட்டு ஆர்சி (படகின் பதிவுச் சான்று) போன வருஷம் இங்கதான் ஏத்துனோம். ஒரு காப்பி எடுத்துக் குடுங்க."

கணினியில் ஆயிரக்கணக்கான ஃபைல்கள். பாதிக்கு மேல் 'ஸ்கேன்' என்ற சொல்லும் ஒரு எண்ணும்தான் பெயர். படகின் பெயரைப் போட்டுத் தேடினால் ஒன்றும் வராது. அதனால் நான் முதலில் கேட்பது: "அண்ணே, பேப்பரைக் கையில கொண்டு வந்தீங்களா, வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்புனீங்களா?" இதற்கு எல்லோருக்கும் பதில் தெரியும். கையில் கொண்டு வந்தது என்றால் எங்கள் ஸ்கேனர் அதை பிடிஎஃப் ஆக வைத்திருக்கும். போட்டோ என்றால் ஜேபிஜி. நண்டுக்குப் போகிறவர் நண்டு வலையோடு போவதுபோல், அந்த ஒரு வகையை மட்டும் தேடலாம்.

விண்டோஸில் இதைச் செய்யும் முறை இதுதான்.

1. விண்டோஸ் விசையையும் இ விசையையும் சேர்த்து அழுத்துங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரர் திறக்கும். ஃபைல் இருக்கக்கூடிய ஃபோல்டருக்குள் போங்கள். டவுன்லோட்ஸில் இருக்கும் என்று தெரிந்தால் அங்கேயே தேடுங்கள். முழு கணினியையும் தேடவிட்டால் நேரம் போகும்.

2. வியூ மெனுவில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்யுங்கள். விண்டோஸ் 11-இல் அது வியூவுக்குள் 'ஷோ' என்பதன் கீழே இருக்கும். இனி ஒவ்வொரு பெயரின் கடைசியிலும் புள்ளி வைத்து வகை தெரியும்.

3. வலது மேல் மூலையில் உள்ள தேடல் பெட்டியில் கிளிக் செய்து, ஆங்கிலத்தில் இ, எக்ஸ், டி என்று மூன்று எழுத்துகளைத் தட்டுங்கள். இடைவெளி விடாமல் முக்காற்புள்ளி (:). அதை ஒட்டியே பி, டி, எஃப். பிடிஎஃப் ஃபைல்கள் மட்டும் நிற்கும்.

முன்னால் போடும் அந்த இஎக்ஸ்டி முன்னொட்டு எதற்கு, வெறுமனே பிடிஎஃப் என்று அடித்தால் போதாதா என்று பலர் கேட்பார்கள். போதாது. அப்படி அடித்தால் பெயரில் அந்தச் சொல் வரும் படங்களும் ஃபோல்டர்களும் சேர்ந்தே வரும். முன்னொட்டு இருந்தால்தான் கடைசிப் புள்ளிக்குப் பிறகு இருப்பதை மட்டும் பார்க்கும்.

போட்டோக்களில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். ஒரே மாதிரிப் படம் ஜேபிஜி என்றும் இருக்கும், நடுவில் இ சேர்ந்து ஜேபிஇஜி என்றும் இருக்கும். ஸ்கிரீன்ஷாட் என்றால் பிஎன்ஜியாக இருக்கலாம். ஐபோன் படம் எச்இஐசியாக வரலாம். அதனால் படத்துக்கு மட்டும் நான் வேறு வழியில் போவேன்: 'கைண்ட்' என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, ஒட்டியே 'பிக்சர்'. எல்லா வகைப் படமும் ஒரே தடவையில் வந்துவிடும்.

வந்தது பிடிஎஃப்பா, போட்டோவா என்று ஆளுக்கே நினைவில்லையா? சரி, இரண்டையும் கேளுங்கள். ஒன்றை முழுதாக அடித்து, இடைவெளி விட்டு, பெரிய எழுத்தில் ஓ, ஆர், மறுபடி இடைவெளி, அப்புறம் மற்றொன்று. அந்த ஓஆர் சின்ன எழுத்தில் இருந்தால் 'அல்லது' என்ற பொருளில் எடுத்துக்கொள்ளாது.

வேர்டு ஃபைலுக்கு நட்சத்திரக் குறி, புள்ளி, டி, ஓ, சி, மறுபடி நட்சத்திரம். பழைய வேர்டு ஃபைலும், கடைசியில் எக்ஸ் சேர்ந்த புதியதும் சேர்ந்தே கிடைக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் நூறு ஃபைல் நிற்கிறதென்றால், தேடல் முடிவுகளை டீடெய்ல்ஸ் வியூவுக்கு மாற்றி, தேதி நெடுவரிசையின் தலைப்பைக் கிளிக் செய்யுங்கள். போன ஜூன் மாதத்துக்கு நகர்ந்தால் போதும். பென்டிரைவில் தேடும்போது மேலே பச்சைக் கோடு மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். அது முடியும்வரை 'இல்லை' என்று சொல்லி யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. பெயரின் கடைசியில் ஜேபிஜியை அழித்துவிட்டு பிடிஎஃப் என்று எழுதினால் படம் பிடிஎஃப் ஆகிவிடாது. போன வருடம் ஒரு அக்கா கொண்டு வந்த மகளின் சான்றிதழ் இப்படித்தான் விண்ணப்பத்தில் ஏறாமல் நின்றது. படத்தைத் திறந்து, பிரிண்ட் கொடுத்து, பிரிண்டர் பட்டியலில் 'மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்' என்பதைத் தேர்ந்தெடுத்ததும் சரியான பிடிஎஃப் கிடைத்தது.

ஃபைல் கிடைத்தவுடன் அப்படியே விட்டுவிடாதீர்கள். எஃப்2 விசையை அழுத்தி, படகின் பெயர், என்ன சான்று, எந்த வருடம் என்று தமிழிலேயே எழுதுங்கள்; விண்டோஸ் தமிழ்ப் பெயரை நன்றாக ஏற்கும். வகையைக் காட்டும் கடைசிப் பகுதியில் மட்டும் கை வைக்க வேண்டாம். தேதி எழுதும்போது சாய்கோடு போட்டால் ஏற்காது, 14-06 என்று சிறுகோடு போடுங்கள்.