சோலைக் காசித்தும்பை நிற்கும் இடத்தைக் குறித்து வைப்பது எப்படி

28 வருடம் கோத்தகிரிப் பக்கம் லைன்மேனாகக் கம்பம் ஏறியவன் நான். பழுது எங்கே என்று கேட்டால் "பெரிய மரத்துக்குப் பக்கத்தில்" என்று சொல்லித் தப்ப முடியாது, கம்பம் எண் சொல்ல வேண்டும். ஓய்வு பெற்ற பிறகு சோலைகளில் காட்டுக் காசித்தும்பை தேடக் கிளம்பியபோது அந்தப் பழக்கம் எங்கோ போய்விட்டது. என் முதல் நோட்டில் "ஓடைக்கு மேலே, வழுக்குப் பாறை" என்று இருக்கிறது. மறு வருடம் போய்ப் பார்த்தால் எல்லாப் பாறையும் வழுக்குகிறது.

நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தக் காட்டையே பார்க்காத ஒருவர் செடி முன்னால் வந்து நிற்க வேண்டும். அப்படி எழுதுங்கள்.

போனில் ஜிபிஎஸ் பார்க்க சிக்னல் தேவையில்லை. ஆனால் சோலைக்குள் மரக்கூரை அடர்த்தி. எடுத்தவுடன் வரும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை நம்பாமல் இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் நின்று, போன் காட்டும் பிழை அளவு பத்து மீட்டருக்குள் இறங்கியதும் குறியுங்கள். அந்த அளவையும் சேர்த்து எழுதுங்கள். தசமப் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வேண்டும். வெறும் 11.42 என்றால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் தள்ளாடும், நான்கு இலக்கம் என்றாலும் பதினோரு மீட்டர் நகரும். போன் தண்ணீரில் விழும் நாளும் வரும். அதனால் அருகிலுள்ள மைல்கல், சிறுபாலம், கம்பம் எண், அங்கிருந்து எத்தனை அடி, ஓடையின் எந்தக் கரை என்பதும் நோட்டில் இருக்கட்டும். பென்சிலால் எழுதுங்கள், மழையில் பேனா மை கரைந்துவிடும்.

அடுத்தது படம். காசித்தும்பையைப் பறித்து அழுத்திக் காயவைத்தால் பூ கசங்கி உருவமே போய்விடும். ஆகவே செடியில் இருக்கும்போதே நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இலையின் அடிப்பக்கம் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டுப் படத்தை விட்டுவிடாதீர்கள். பூவுக்குப் பின்னால் வால் போல நீளும் தேன்குழலின் நீளமும் வளைவும் இனம் காண மிகவும் உதவும். நீலகிரியின் வெள்ளைப் பூ இம்பேஷியன்ஸ் லெஸ்செனால்டி என்று நினைத்து, தோட்டத்திலிருந்து தப்பி ஓடையோரம் இறங்கிய ஆப்பிரிக்கக் காசித்தும்பையை நான் இரண்டு மாதம் பதிவு செய்திருக்கிறேன். வெட்கம்தான், அழித்துவிட்டேன்.

எண்ணும்போது பூவை எண்ணாதீர்கள், செடியை எண்ணுங்கள். ஈரப் பாறையா, மண்சரிவா, நிழல் எவ்வளவு என்று இரண்டு வரி போதும். அட்டைக்கு உப்பு மூட்டை, காட்டெருமை நின்றால் வந்த வழியே திரும்புவது, இதெல்லாம் மலைக்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை. காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். எனக்குச் சாலையோர ஓடைகளிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

இவ்வளவு துல்லியமாகக் குறித்ததை எல்லோருக்கும் காட்டாதீர்கள். தோட்ட ஆசைக்காரர் ஒருவரிடம் ஓர் இடத்தைச் சொன்னேன். அடுத்த வாரம் மூன்று கொத்து வேரோடு காணோம். செடி, உயிரினப் பதிவுகளைப் பகிரும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் ஏற்றினால் இடத்தை மறைக்கும் வசதி உண்டு. அரிய செடி என்றால் அதைத் தேர்ந்தெடுங்கள், சரியான எண் உங்கள் நோட்டில் இருக்கட்டும்.

அப்புறம், தேடிப் போய்க் காணாத நாளையும் எழுதுங்கள். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் முக்கியம், ஆகவே அக்டோபர், நவம்பரில் அதே இடங்களுக்கு மறுபடி போகிறேன். இந்த முறை ஐந்து இடங்களில் "இல்லை". ஒன்றில் சிறுபாலத்தை அகலப்படுத்தியிருக்கிறார்கள், அதைக் குறித்தேன். மற்ற நான்குக்குக் காரணம் தெரியவில்லை. அங்கே தேதியும் "இல்லை"யும் மட்டும்தான் எழுதியிருக்கிறேன்.