மலைவீட்டு ஹாட் டப்: புதிய தொட்டியின் நீரைப் பராமரிக்கக் கற்றுக்கொள்வது எப்படி?

கோத்தகிரியில், தேயிலைச் சரிவை ஒட்டியிருக்கும் எங்கள் வீட்டில், அம்மாவின் மூட்டுவலிக்காகச் சென்ற ஆண்டு மார்கழிக்கு முன்பு ஒரு ஹாட் டப், அதாவது வெந்நீர்ச் சுழல் தொட்டி, வாங்கி வைத்தோம். நால்வர் அமரக்கூடிய, 1200 லிட்டர் கொள்ளும் அக்ரிலிக் தொட்டி அது. பொருத்த வந்தவர் எங்கள் ஊற்றுநீரை நிரப்பி, நீச்சல் குளத்துக்கான வெள்ளைக் குளோரின் மாத்திரை ஒன்றை மிதவையில் இட்டு, "வாரத்துக்கு ஒன்று போட்டால் போதும்மா" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சென்றார். மூன்று வாரங்களில் அம்மாவின் கைகால்களில் அரிப்பு தொடங்கியது. நீரைப் பீய்ச்சும் ஜெட்டுகளைச் சுற்றியிருந்த திருகுகளில் துரு படிந்தது. அவ்வளவு நாளும் நீர் மட்டும் அடித்தரை தெரியும்படி தெளிவாகவே இருந்தது.

தெளிந்த நீர் என்பதும் நல்ல நீர் என்பதும் ஒன்றல்ல என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். தொட்டியோடு வரும் கையேடுகள் பெரும்பாலும் ஓரளவு சுண்ணாம்புச் சத்துள்ள நீரை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. நம் மலைநீரோ அதற்கு நேர்மாறானது. ஆகவே, நீலகிரியிலோ கொடைக்கானல் பக்கத்திலோ புதிதாக ஹாட் டப் வைத்திருப்பவர்கள் குளோரினைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அதிலிருந்து தொடங்கி, வரிசைப்படி சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் நீரை அறிந்துகொள்ளுங்கள்

மலையில் பெய்யும் மழை சோலைக்காடுகளின் வழியே ஊறி, சார்னோக்கைட் என்னும் கடும்பாறையின் இடுக்குகளில் ஓடி நம் தொட்டிக்கு வருகிறது. அந்தப் பாறையில் நீரில் எளிதாகக் கரையும் சுண்ணாம்பு மிகக் குறைவு. எனவேதான் நம் ஊரில் சோப்பு உடனே நுரைக்கிறது. எத்தனை முறை அலசினாலும் கையில் வழவழப்பு போவதில்லை. சமவெளியில் கெய்சருக்குள் உப்புப் படிவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது வரமாகத் தோன்றும். ஆனால் ஹாட் டப்பில் இந்த மென்னீர்தான் தொல்லை தருகிறது: தாதுக்கள் குறைந்த இது எளிதாக அமிலப் பக்கம் சாய்ந்து, ஹீட்டரின் உலோகத்தையும் திருகுகளையும் அரிக்கப் பார்க்கும்.

நிரப்புவதற்கு முன் மூன்று அளவுகளைச் சோதியுங்கள்: பிஹெச் (நீரின் அமில, கார நிலை), காரத்தன்மை (பிஹெச் மாறாமல் தடுக்கும் திறன்), கடினத்தன்மை (நீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து). நீச்சல் குளப் பொருள்கள் விற்கும் கடைகளில் நிறம் மாறும் சோதனைப் பட்டைகள் கிடைக்கும். சொட்டு மருந்து முறையில் சோதிக்கும் பெட்டி இன்னும் துல்லியமானது. எண்கள் பி.பி.எம். என்ற அலகில் வரும். ஒரு பி.பி.எம். என்றால் 1000 லிட்டரில் ஒரு கிராம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் பின்வரும் கணக்குகள் அனைத்தும் எளிதாகிவிடும்.

எங்கள் ஊற்றுநீரில் பிஹெச் 6.6, காரத்தன்மை 20, கடினத்தன்மை 30 என்று வந்தது. இருக்க வேண்டிய அளவுகள் வேறு: பிஹெச் 7.2 முதல் 7.8 வரை, காரத்தன்மை 80 முதல் 120 வரை, கடினத்தன்மை 150 முதல் 250 வரை. போர்வெல் நீரைப் பயன்படுத்துவோர் இரும்புச்சத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்பு மிகுந்த நீரில் குளோரின் பட்டதும் தொட்டி முழுவதும் டிகாக்‌ஷன் நிறத்துக்கு மாறிவிடும். ஃபில்டர் பொருத்திய குழாய் வழியாக நிரப்பினால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

இரண்டாம் படி: குழாய்களைக் கழுவுதல்

புதிய தொட்டிதானே என்று இதை விட்டுவிடாதீர்கள். தொழிற்சாலையில் நீர் விட்டுச் சோதித்த பின்பே தொட்டியை அனுப்புகிறார்கள். உள்குழாய்களில் தங்கிய அந்த நீர் மாதக்கணக்கில் கிடந்து வழவழப்பான கிருமிப் படலமாகியிருக்கும். ஒரு முறை நிரப்பி, குழாய் சுத்திகரிப்புத் திரவத்தை அதன் மேலுறையில் உள்ள அளவுப்படி ஊற்றி, ஜெட்டுகளை ஓடவிட்டு, முழுவதும் வடித்துவிடுங்கள். இரண்டாம் முறை நிரப்பும்போது குழாயின் முனையை ஃபில்டர் இருக்கும் குழிக்குள் விட்டு நிரப்பினால், பம்பில் காற்று அடைத்துக்கொள்ளாது. ஜெட்டுகள் அனைத்தும் மூழ்கும்வரை மின்சாரத்தைப் போட வேண்டாம். கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் முறையான எர்த்தும் இல்லாத இணைப்பில் தொட்டியை இயக்கவே கூடாது.

மூன்றாம் படி: மென்னீருக்கு வலுவேற்றுதல்

மலைவாசிகளுக்கு மிக முக்கியமான படி இதுதான். காரத்தன்மை என்பது பிஹெச் அளவைத் தடுமாறாமல் பிடித்து நிறுத்தும் நங்கூரம் போன்றது. அது 20 மட்டுமே இருந்த எங்கள் நீரில், டி.சி.சி.ஏ. எனப்படும் அந்த வெள்ளை மாத்திரை கரையக் கரைய அமிலம் சேர்ந்துகொண்டே போனது. தடுக்க எதுவும் இல்லாததால், நான் முதன்முதலாகச் சோதித்த அன்று பட்டை தன்னால் காட்டக்கூடிய மிகக் குறைந்த பிஹெச் நிறத்தில் நின்றது. அரிப்புக்கும் துருவுக்கும் அதுவே காரணம்.

தீர்வு நம் சமையலறையிலேயே இருக்கிறது. 1000 லிட்டரில் காரத்தன்மையை 10 பி.பி.எம். உயர்த்த ஏறத்தாழ 17 கிராம் சமையல் சோடா வேண்டும். எங்கள் 1200 லிட்டரில் 20-ஐ 80 ஆக்குவதற்கு 120 கிராம் ஆயிற்று. அதை ஒரேயடியாகக் கொட்டாமல், 60 கிராமை ஒரு வாளி வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றி, பம்பை ஓடவிட்டு, சில மணி நேரம் கழித்துச் சோதித்த பின்னரே மீதியைச் சேர்த்தேன். சோடா சேரும்போது பிஹெச்சும் கூடவே உயரும் என்பதால், அதற்கெனத் தனியாக எதையும் சேர்க்க அவசரப்படாதீர்கள். சலவைச் சோடாவைச் சமையல் சோடா என்று எண்ணி இட்டுவிடவும் வேண்டாம். அது பிஹெச்சைச் சட்டென்று மேலே தூக்கிவிடும்.

கடினத்தன்மையை மறுநாள் பாருங்கள். இதற்குக் கால்சியம் குளோரைடு செதில்கள் தேவை. 1000 லிட்டரில் 10 பி.பி.எம். உயர ஏறத்தாழ 15 கிராம். எங்களுக்கு 30-லிருந்து 150-க்குச் செல்ல 210 கிராம் தேவைப்பட்டது, மூன்று தவணைகளில். கரைக்கும்போது வாளி கையைச் சுடும் அளவுக்குச் சூடாகும். ஆகவே குளிர்ந்த நீரில் செதில்களைச் சிறிது சிறிதாக இடுங்கள், செதில்களின் மேல் நீரை ஊற்றாதீர்கள். சோடாவையும் இதையும் ஒரே நேரத்தில் இட்டால் சுண்ணாம்பாகத் திரிந்து நீர் பால்போல் கலங்கிவிடும். ஒரு நாளில் ஒரு மாற்றம் மட்டுமே என்ற ஒழுங்கை நான் இன்றுவரை விடவில்லை.

நான்காம் படி: குளோரின்

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்ல வேண்டும். 1999-இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் என்னும் ஊரில், நம் ஊட்டி மலர்க் கண்காட்சியைப் போன்ற ஒரு கண்காட்சி நடந்தது. அங்கே பார்வைக்காக ஓடவிட்டிருந்த ஒரு வெந்நீர்ச் சுழல் தொட்டியிலிருந்து கடும் நுரையீரல் அழற்சியை உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமி பரவி, இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்கள் தொட்டியில் இறங்கிக் குளித்தவர்கள் அல்லர். அதன் அருகே நடந்து சென்று, காற்றில் கலந்த நுண்துளிகளைச் சுவாசித்தவர்கள். அந்தக் கிருமி பெருகுவதற்கு ஏற்ற வெப்பம் 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை. நமக்கு இதமாக இருக்கும் 38 டிகிரி அதற்கும் இதமானதே. வயதானவர்களுக்காகத் தொட்டி வாங்கியிருப்போர் இதை ஒரு நாளும் மறக்கக் கூடாது.

ஹாட் டப்பில் குளோரின் 3 பி.பி.எம்.-க்குக் கீழே இறங்கவே கூடாது. 3 முதல் 5 வரை வைத்திருப்பது நல்லது. வெப்பத்தாலும் ஜெட்டுகள் கிளப்பும் குமிழ்களாலும் அது விரைவாகக் குறைவதால், நீச்சல் குளத்தைப் போல வாரம் ஒரு முறை பார்த்தால் போதாது. நான் பரிந்துரைப்பது வாசனையோ சோப்போ கலக்காத சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம். 10 சதவீதத் திரவமானால், 1200 லிட்டரில் ஒரு பி.பி.எம். உயர்த்த 12 மி.லி. போதும், 5 சதவீதமானால் 24 மி.லி. வேண்டும். வெயிலிலும் வெப்பத்திலும் இது வீரியம் இழக்கும் என்பதால், பெரிய கேன் வாங்காமல் சிறிதாக வாங்கி, இருட்டான இடத்தில் வையுங்கள்.

டி.சி.சி.ஏ. மாத்திரையும் டைகுளோர் என்னும் குளோரின் குருணையும் எளிதாகக் கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். இரண்டும் கரையும்போது சயனூரிக் அமிலத்தை நீரில் விட்டுச் செல்கின்றன. டைகுளோர் வழியாக 10 பி.பி.எம். குளோரின் சேர்த்தால், ஏறத்தாழ 9 பி.பி.எம். சயனூரிக் அமிலமும் சேர்கிறது. குளோரின் செலவாகிவிடும், இது அப்படியே தங்கி, அடுத்து இடும் குளோரினின் கிருமி கொல்லும் வேகத்தை மட்டுப்படுத்தும். பட்டையில் எண் சரியாகத் தெரியும், வேலை மட்டும் நடக்காது. பிளீச்சிங் பவுடர் வண்டலை விடுவதால் குழாய்களுக்கு ஆகாது. ஹைப்போகுளோரைட் சற்றே காரமானது என்பதால், அமிலப் பக்கம் சாய்ந்த நம் மலைநீருக்கு அது பொருத்தமாகவும் அமைகிறது.

பயன்படுத்தி முடித்ததும், ஜெட்டுகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரவத்தை ஊற்றி, 20 நிமிடம் மூடியைத் திறந்து வையுங்கள். மறுநாள் காலை சோதித்துக் குறைவை ஈடுசெய்யுங்கள். முதல் நிரப்பலில் மட்டும் 10 பி.பி.எம். வரை ஏற்றி, அது 5-க்கு இறங்கிய பின் அம்மாவை இறங்கச் சொன்னேன். "குளோரின் வாடை தூக்குகிறது, அதிகமாகிவிட்டது" என்று பலர் சொல்வார்கள். பெரும்பாலும் உண்மை அதற்கு எதிரானது. வியர்வையோடும் அழுக்கோடும் பிணைந்த குளோரினின் வாடை அது. அப்போது குளோரினைக் குறைக்காமல், ஒரு மாலை 10 பி.பி.எம். வரை ஏற்றி, மூடியைத் திறந்துவைத்து அந்தப் பிணைப்பை உடைக்க வேண்டும். எண்ணெயும் சோப்பும் போக உடலை அலசிவிட்டு இறங்கினாலே பாதித் தொல்லை தீரும். நம் வீடுகளில் தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கம் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எந்த இரண்டு ரசாயனத்தையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். அமிலம் ஹைப்போகுளோரைட்டில் பட்டால் நச்சு வாயு எழும், டி.சி.சி.ஏ.யும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் தீப்பற்றி வெடிக்கக் கூடும். தோட்டம் வைத்திருப்போர் யூரியா மூட்டைகள் அடுக்கிய கொட்டகையில் குளோரினை வைக்கவே கூடாது.

நாள்தோறும், வாரந்தோறும்

காலையில் பிஹெச்சும் குளோரினும், வாரம் ஒரு முறை காரத்தன்மையும். ஜெட்டுகள் காற்றைக் கலக்கக் கலக்கக் கரியமில வாயு வெளியேறி பிஹெச் மெல்ல ஏறும், 7.8-ஐத் தாண்டினால் பிஹெச்சைக் குறைக்கும் சோடியம் பைசல்பேட்டைச் சில கிராம் மட்டும் கரைத்து ஊற்றுங்கள். ஃபில்டரை வாரந்தோறும் குழாய் நீரில் மடிப்பு மடிப்பாகப் பீய்ச்சி அலசி, மாதம் ஒரு முறை அதற்குரிய திரவத்தில் ஊறவையுங்கள். சில்வர் ஓக், யூகலிப்டஸ் இலைகள் விழுந்து ஊறினால் குளோரின் வீணாகும் என்பதால் மூடி எப்போதும் பூட்டியிருக்கட்டும். குரங்குகளுக்கும் அதுவே காவல்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் விழுந்து மின்சாரம் போகும் நாள்களில் கூடுதல் கவனம் வேண்டும். சுழற்சி நின்று, நீர் ஆறி, குளோரினும் தீர்ந்த நிலையில்தான் கிருமி பெருகுகிறது. அந்நாள்களில் கையால் குளோரின் ஊற்றித் துடுப்பால் கலக்கிவிடுங்கள். மின்சாரம் வந்ததும் முதலில் குளோரினை நிலைநிறுத்தி, பம்பை ஓடவிட்டு, சற்றுத் தள்ளி நில்லுங்கள். வெப்பத்தை 40 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டாம். ஒரு முறைக்குக் கால் மணி நேரம் போதும். இதய நோய் உள்ளவர்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேட்டே இறங்க வேண்டும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இறங்கவே வேண்டாம்.

நீரை மாற்றுதல்

லிட்டர் அளவை 11.4-ஆல் வகுத்து, அதை நாள்தோறும் இறங்குவோர் எண்ணிக்கையால் வகுத்தால், எத்தனை நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும் என்பது தெரியும். எங்களுக்கு இருவர் கணக்கில் 52 நாள் வருகிறது. பயன்பாடு குறைவாக இருந்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

வடிப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே குளோரின் சேர்ப்பதை நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, பட்டையில் குளோரின் பூஜ்ஜியம் காட்டிய பின்பே திறந்துவிடுங்கள். ஓடையை நோக்கி விடக் கூடாது. நம் ஓடைகளில் தவளைகள் வாழ்கின்றன, கீழேயுள்ள ஹட்டியில் (படகர் ஊரில்) அதே நீரைக் குடிக்கிறார்கள். தேயிலை அமில மண்ணை விரும்பும் செடி என்பதால், ஒவ்வொரு முறையும் ஒரே செடிவரிசைக்கு இந்த நீரை விடுவதும் நல்லதல்ல. சரிவு அரிக்காதபடி புல்தரையில் மெதுவாகப் பரவ விடுகிறோம். பங்குனி, சித்திரையில் ஊரே குடத்தோடு குழாயடியில் நிற்கும்போது 1200 லிட்டரைத் தொட்டிக்கு ஊற்ற எனக்கு மனம் வருவதில்லை. அந்த இரு மாதமும் குழாய்கள் வரை முழுவதும் வடித்துக் காயவிட்டு, மழை வந்த பிறகு இரண்டாம் படியிலிருந்து மீண்டும் தொடங்குகிறோம்.

அப்படித் தொடங்கும்போது பழைய நோட்டுக் கணக்கை அப்படியே பின்பற்ற வேண்டாம். ஒரே ஊற்றுதான் என்றாலும், எங்கள் நீரின் காரத்தன்மை மாசியில் 35 காட்டியது. ஆடி மழைக்குப் பின் 15-க்கு இறங்கியிருந்தது. சோடாவின் அளவு அதற்கேற்ப மாறும்.