குமரியிலிருந்து இங்கிலாந்து வருகிறீர்களா? பிள்ளையின் பல்லையும் கவனியுங்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம், குலசேகரம் பக்கத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு இங்கே வரும் குடும்பங்கள் முதல் மாதம் முழுக்க வங்கிக் கணக்கு, பள்ளிக்கூடம், ஜி.பி. (குடும்ப மருத்துவர்) பதிவு என்று ஓடுகின்றன. ஜி.பி.யில் பதிந்தால் பல்லுக்கும் சேர்த்துத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும் என்.எச்.எஸ். (அரசு மருத்துவச் சேவை) பல் மருத்துவரைத் தனியாகத் தேட வேண்டும்.

ஊரில் பல்லுக்குக் கம்பி போட வேண்டுமென்றால் நேரே கிளினிக்குக்குப் போய்விடலாம். இங்கே என்.எச்.எஸ். செலவில் போட, முதலில் பல் மருத்துவர் பார்த்து ஆர்த்தோடான்டிஸ்டுக்கு (பல்வரிசையைச் சீராக்கும் நிபுணர்) எழுதி அனுப்ப வேண்டும். இதைத்தான் ரெஃபரல் என்கிறார்கள். 18 வயதுக்குள் இருக்க வேண்டும், தேவையும் இருக்க வேண்டும். அந்தத் தேவையை 1 முதல் 5 வரை தரம் பிரிக்கிறார்கள். 4, 5 என்றால் கிடைக்கும். 3 என்றால் தோற்றத்தையும் பார்ப்பார்கள். லேசான கோணலுக்குக் கிடைக்காது.

மேல் முன்பல் கீழ்ப்பல்லைத் தாண்டி 6 மில்லிமீட்டருக்கு மேல் எத்தி நின்றால் காட்டுங்கள். விளையாடும்போது விழுந்தால் முதலில் உடைவது அந்தப் பல்தான். கீழ்ப்பல் மேல்பல்லுக்கு வெளியே கடித்தாலும், ஒரு முன்பல் முளைத்து ஆறு மாதமாகியும் பக்கத்துப் பல் வராவிட்டாலும் காட்டுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது மேல் கோரைப்பல்லை. பத்து வயது வாக்கில் ஈறின் வெளிப்பக்கம் விரலால் தடவினால் அது முண்டாகத் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படாவிட்டால் அண்ணப் பக்கம் சாய்ந்து வளரலாம், பக்கத்துப் பல்லின் வேரையும் அரிக்கலாம். அந்த வயதிலேயே தெரிந்தால், பால்பல்லைப் பிடுங்கினாலே பல பிள்ளைகளுக்குப் பெரிய பல் தானாக வழிக்கு வந்துவிடும். என் மகளுக்கு, "பால்பல் தானே விழட்டும்" என்று 13 வயது வரை விட்டுவிட்டோம். கடைசியில் ஈறைத் திறந்து, பல்லில் சங்கிலி ஒட்டி, மெல்ல மெல்ல இழுக்க வேண்டியதாயிற்று. அவள் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. அதனால், பிள்ளைக்குப் பத்து வயதானால் பல் மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்: "கோரைப்பல் கைக்குத் தட்டுப்படுகிறதா? ரெஃபரல் வேண்டுமா?" தெத்துப்பல் அதிர்ஷ்டம் என்று பாட்டி சொல்வார்கள், சொல்லட்டும், நீங்கள் காட்டிவிடுங்கள்.

சில மாதத்தில் விமானம் ஏறப் போகிறீர்கள் என்றால் ஊரில் கம்பி போடத் தொடங்காதீர்கள். பாதியில் வரும் பிள்ளையை இங்கே வேறொரு மருத்துவர் ஏற்றுக்கொள்வது எளிதல்ல. ஏற்கெனவே போட்டிருந்தால் எக்ஸ்ரே, பல்லின் படங்கள், சிகிச்சைக் குறிப்பு எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வாருங்கள்.

சொத்தை இருந்தால் கம்பி போட மாட்டார்கள், அதை முதலில் சரிசெய்யுங்கள். கம்பி போட்ட பிறகு, அம்மா கொடுத்துவிடும் முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் சிப்ஸும் பெரியவர்களுக்கு மட்டும். கடித்தால் பல்லில் ஒட்டியிருப்பது பெயர்ந்துவிடும்.

பல் மருத்துவர் எழுதி அனுப்பிய கடிதத்தின் நகலை வாங்கி வையுங்கள். காத்திருக்கும் காலம் நீளம், புதிதாக வந்தவர்கள் வீடும் அடிக்கடி மாறுவார்கள். மாறினால் பல் மருத்துவர், ஆர்த்தோடான்டிஸ்ட் இரண்டு இடத்திலும் புது முகவரியைச் சொல்லுங்கள். அழைப்புக் கடிதம் பழைய வீட்டுக்குப் போய், பதில் வராததால் பெயரை நீக்கிவிட்டால் மறுபடி முதலிலிருந்து நிற்க வேண்டிவரும்.