டீசல் உலையை எடுத்துவிட்டு விறகுக்கு மாறுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீபகற்ப மலேசியாவில் 2024 ஜூன் 10ஆம் நாள் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது. கார் கொட்டகையை அடைத்து, டீசல் உலையின் சூட்டில் அப்பளமும் மோர்மிளகாயும் வற்றலும் உலர்த்துகிறவர்கள் அதன் பிறகு விறகை நினைப்பது இயல்பே. சுங்கை சிப்புட் போல ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த பட்டணங்களில், மறுநடவுக்காக வெட்டித் தள்ளும் ரப்பர் மரம் பக்கத்திலேயே கிடைக்கிறது. மாறுவதில் தவறில்லை. டீசல் உலை விசையைத் தட்டினால் அணைந்துவிடும், விறகு நெருப்பு அப்படி அணையாது என்பதை மறந்துவிட்டு, உலையை எடுத்த இடத்திலேயே அடுப்பைக் கொண்டுபோய் வைப்பதுதான் தவறு.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பகலில் உலர்த்தும் அறையாக இருக்கும் கொட்டகையில் இரவில் மோட்டார் சைக்கிளை நிறுத்துவதும், மூலையில் பெட்ரோல் கேனை வைப்பதும் பல வீடுகளில் வழக்கம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. அது தரையோடு தவழ்ந்து நெருப்பைத் தேடிச் செல்லும். அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கமான என்.எஃப்.பி.ஏ. வெளியிட்ட 211 என்னும் தரநெறி, வாகனக் கொட்டகைக்குள் விறகு எரிக்கும் சாதனம் வைக்கவே கூடாது என்கிறது. அந்த விதி நம் நாட்டுக்குரியதன்று என்றாலும், அதன் காரணம் எல்லா ஊருக்கும் பொருந்தும். என் கருத்தில், எரியறையைச் சுவருக்கு வெளியே தனிக் கூரையின் கீழ் கட்டி, சூடான காற்றை மட்டும் குழாய் வழியே உள்ளே விடுவதே சரி. வெளியே வைத்தாலும் பலகைச் சுவர், விறகு அடுக்கு, பழைய டீசல் தொட்டி ஆகியவை மூன்றடிக்கு மேல் விலகியிருக்க வேண்டும். தொட்டியை முழுவதும் வடித்து அப்புறப்படுத்துவது இன்னும் நல்லது. மிஞ்சிய டீசலை வடிகாலில் ஊற்றவும் கூடாது, விறகைப் பற்ற வைக்கப் பயன்படுத்தவும் கூடாது.

செலவைக் குறைக்க நினைத்துப் பழைய 200 லிட்டர் எண்ணெய் டிரம்மை வெட்டி அடுப்பாக்குகிறவர்கள் உண்டு. காலியாகத் தெரியும் டிரம்மின் உள்ளே தங்கியிருக்கும் ஆவி, வெட்டும் தீப்பொறி பட்டதும் வெடிக்கும். துத்தநாகம் பூசிய தகட்டையும் குழாயையும் எரியறைக்கு அருகில் பயன்படுத்தினால், சூட்டில் அந்தப் பூச்சு நச்சுப்புகையாக எழும். பூச்சில்லாத தடித்த எஃகே அந்த இடத்துக்கு ஏற்றது.

அடுத்தது விறகு. ஒரு லிட்டர் டீசல் தரும் வெப்பத்துக்குக் காய்ந்த விறகு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ ஈடாகும். ஆனால் கையால் செய்த அடுப்பில் பாதி வெப்பம் வீணாவதால், உண்மையில் ஐந்து கிலோ வரை போகும் என்று கணக்கு வைப்பதே நேர்மை. அந்தக் கணக்கும் காய்ந்த விறகுக்குத்தான். புதிதாக வெட்டிய ரப்பர்க் கட்டையை உள்ளே தள்ளினால், அதன் வெட்டுமுனையில் நுரை பொங்கிச் 'சீ' என்று சத்தம் வரும். உங்கள் நெருப்பு அப்போது வற்றலை விட்டுவிட்டு விறகில் இருக்கும் தண்ணீரைக் காய்ச்சிக்கொண்டிருக்கிறது. கட்டையைப் பிளந்து, தரையில் படாமல் சட்டத்தின் மேல் அடுக்கி, மேலே கூரையும் பக்கங்களில் காற்றோட்டமும் இருக்கும்படி சில மாதங்கள் விட வேண்டும். காய்ந்த கட்டையின் முனையில் விண்டுவிண்டாக வெடிப்பு தெரியும், இரண்டு கட்டைகளைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும். மரச்சாமான் தொழிற்சாலைக் கழிவு மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒட்டுப்பலகை, சாயம் பூசிய துண்டு, மருந்தேற்றிய பலகை ஆகியவற்றை எரிக்கவே கூடாது. உணவு உலர்த்தும் இடத்தில் அது மன்னிக்க முடியாத தவறு.

தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட்டுகளைப் புகையிலேயே தொங்கவிட்டுக் காய வைத்ததைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, புகையோடு சேர்ந்த சூட்டையே அறைக்குள் விடலாம் என்று தோன்றும். ஷீட்டுக்கு அது பொருந்தும், அப்பளத்துக்குப் பொருந்தாது. விறகுப் புகையில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் இருப்பதால், புகை ஒரு குழாயிலும் காற்று அதன் வெளிப்புறத்திலுமாகப் பிரிந்து ஓட வேண்டும். அந்தக் காற்றை மின்விசிறி தள்ளுகிறது என்றால், மின்சாரம் தடைபடும் வேளையையும் யோசித்துக் கட்டுங்கள். விசிறி நின்றாலும் நெருப்பு எரிந்துகொண்டே இருக்கும். சூடு தானாக மேலேறி வெளியேற ஒரு திறப்பு இல்லாவிட்டால் தகடு பழுத்துப் பிளந்துவிடும்.

புகைபோக்கியில்தான் அதிகத் தவறு நடக்கிறது. டீசல் உலையின் மெல்லிய குழாயை அப்படியே விறகுக்குப் பயன்படுத்துகிறார்கள், அல்லது சுவரைத் துளைத்துப் படுக்கைவாட்டில் இழுத்துவிடுகிறார்கள். நம் ஊர்க் காற்றே சூடாக இருப்பதால், புகையை மேலே இழுக்கும் இழுவை ஏற்கெனவே குறைவு. குழாய் நேராக மேலேறி, கூரையைத் தாண்டிக் குறைந்தது மூன்றடி நிற்க வேண்டும். பழைய குறைந்த விலை வீடுகளின் கூரை அஸ்பெஸ்டாஸ் தகடாக இருக்கக்கூடும். அதைத் துளையிட்டால் நுரையீரலைக் கெடுக்கும் தூள் வீடெங்கும் பரவும். கூரை எதனால் ஆனது என்று தெரியாமல் துளைக்கருவியைக் கையில் எடுக்காதீர்கள். குழாயின் இணைப்பில் தார்போலக் கறுப்பாக வழிந்த கோடு தெரிந்தால், ஈர விறகோ அடங்கிய நெருப்போ உள்ளே கிரியோசோட் என்னும் எரியக்கூடிய புகைப்பிசினைப் படியவைக்கிறது என்று பொருள். அது ஒரு நாள் குழாய்க்குள்ளேயே பற்றிக்கொள்ளும்.

இரவில் காற்றுவழியை அடைத்துத் தணலை விடியும்வரை காப்பாற்றும் பழக்கம் இந்தப் படிவைக் கூட்டுவதோடு, கார்பன் மோனாக்சைடையும் பெருக்குகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மழைக்குக் கதவைச் சாத்திய அறையில் வேலை செய்பவருக்குத் தலைவலியும் குமட்டலும் வந்தால், வெக்கை என்று தள்ளிவிடாமல் உடனே வெளியே வர வேண்டும். மயங்கியவர் இருந்தால் 999ஐ அழைக்க வேண்டும். இந்த வாயுவைக் கண்டறியும் எச்சரிக்கை ஒலிக்கருவி ஒன்றை அறையில் மாட்டுவது இந்த மாற்றத்தின் செலவிலேயே சேர்ந்தது.

சாம்பலை மறுநாளே பிளாஸ்டிக் வாளியில் அள்ளிக் கொட்டகை ஓரத்தில் வைப்பவர்கள், அதற்குள் தணல் பல நாள் உயிரோடு கிடக்கும் என்பதை நினைப்பதில்லை. மூடியுள்ள இரும்பு வாளியில் போட்டு, கான்கிரீட் தரையில், வீட்டை விட்டுத் தள்ளி வையுங்கள். வாழைக்கோ முருங்கைக்கோ போடுவதாக இருந்தால், தண்ணீர் ஊற்றிக் கிளறி, அது கைச்சூடுகூட இல்லாமல் ஆறிய பிறகு போடலாம்.