பறக்கும் புள்ளி ஆந்தையைப் படமெடுப்பது எப்படி

ஆந்தை பறக்கும் படம் வேண்டுமென்றால் அதை நாம் பறக்க வைக்கக் கூடாது. கைதட்டியோ கிட்டப் போயோ கிளப்பிவிட்ட ஆந்தை நம்மைவிட்டு விலகித்தான் போகும். கிடைப்பது முதுகும் வாலும். தானாகக் கிளம்புகிற ஆந்தைதான் முகம் காட்டும். அது எங்கிருந்து, எப்போது, எந்தப் பக்கம் கிளம்பும் என்று தெரிந்துகொள்வதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

தொடங்குவதற்கு ஏற்றது புள்ளி ஆந்தை. ஏறத்தாழ 21 செ.மீ. நீளந்தான், ஆனால் ஊருக்குள்ளேயே இருக்கும்: மொட்டைப்பனை, புளியமரம், ஆலமரப் பொந்து, பாழடைந்த கட்டடம். பொந்துக்குக் கீழே வெள்ளை எச்சம் வழிந்திருக்கும். வண்டின் ஓடும் எலும்புத் துணுக்குமாகக் கக்கிப்போட்ட உருண்டைகள் கிடக்கும். பகலில் கரிச்சான், மைனா, அணில் எல்லாம் ஒரே கிளையைச் சூழ்ந்து கத்தினால் அங்கே தேடிப்பாருங்கள். இடம் தெரிந்த பிறகு இரண்டு மூன்று மாலைகள் கேமரா இல்லாமலே போய், பொந்தைவிட்டு வந்ததும் எந்தக் கிளையில் முதலில் உட்காருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். விருப்பமான கிளைக்கு அது திரும்பத் திரும்ப வரும்.

நிற்குமிடத்தைக் காற்றை வைத்து முடிவு செய்யுங்கள். பறவை காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். காற்று உங்கள் முதுகில் பட்டால் அது உங்கள் பக்கம் வர வாய்ப்பு அதிகம். மாலையில் மேற்குப் பார்த்த பொந்தாக இருந்தால் வெளிச்சமும் முகத்தில் விழும். 15 மீட்டருக்கு உள்ளே போக வேண்டாம். முழுச்சட்ட (ஃபுல் ஃப்ரேம், அதாவது 36 மி.மீ. அகல சென்சார்) கேமராவில் 400 மி.மீ. லென்ஸுக்கு அந்தத் தூரத்தில் தெரியும் அகலம் 1.35 மீட்டர். ஆந்தை விநாடிக்கு 7 மீட்டர் போனால் சட்டத்தை 1/5 விநாடியில் கடந்துவிடும். இன்னும் நெருங்கினால் இறக்கை வெட்டுப்படுவதுதான் மிச்சம்.

ஷட்டர் 1/2000 முதல் 1/2500 விநாடி வரை, லென்ஸ் துளை (அபர்ச்சர்) எஃப் 5.6, ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) தானியங்கி. சூரியன் மறைய அரை மணி இருக்கும்போது ஐ.எஸ்.ஓ. 1600 அளவில் நிற்கும். மறையும் வேளையில் 6400 ஆகும். அதற்குப் பத்து நிமிடம் கழித்து 25,600 கேட்கும், அப்போது கேமராவை மூடிவிடலாம். ஷட்டரை 1/500க்கு இறக்கிச் சமாளிக்கப் பார்த்தால் உடல் ஓரளவு தெளிவாக வந்தாலும் இறக்கை நுனி கரைந்துபோகும். ஐ.எஸ்.ஓ. ஏறுவதால் படத்தில் வரும் மணல்மணலான புள்ளிகளை (இரைச்சலை) பின்னால் மென்பொருளில் குறைக்கலாம், கலங்கலை மீட்க முடியாது. வானம் பின்னணியானால் ஒளியளவை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு) கூட்டுங்கள், இல்லையென்றால் முகம் கருத்துவிடும்.

அது கிளம்பப் போகிறது என்பதற்கு அறிகுறிகள் உண்டு. ஒரு பக்க இறக்கையையும் காலையும் சேர்த்து நீட்டிச் சோம்பல் முறிக்கும், சிறகு கோதும், எச்சமிடும், தரையில் ஓரிடத்தையே உற்றுப் பார்த்து முன்னால் சாயும். ஆனால் உங்களையே முறைத்துத் தலையை மேலும் கீழும் ஆட்டினால் அது மிரட்சி. உடனே பின்வாங்குங்கள்.

கிளம்பியதும் புள்ளி ஆந்தை முதலில் கீழே சரியும், பிறகு அலையலையாகப் போகும்: வேகமாகச் சில இறக்கையடிகள், உடனே இறக்கையை மூடி ஒரு தாழ்வு. அதனால் நடுவழியில் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் மூடிய இறக்கையோடு உருளை மாதிரி இருக்கும். நல்ல தருணங்கள் இரண்டு. ஒன்று, கிளையைவிட்ட முதல் இறக்கையடி. சட்டத்தில் பறவைக்குக் கீழே இடம்விட்டு வையுங்கள். மற்றொன்று, இறங்கும் நொடி. இதுதான் மேலானது. மேல்நோக்கி எழும்பி, இறக்கையை முழுக்க விரித்து, காலை நீட்டிக்கொண்டு வரும். குறித்துவைத்த கிளையில் கைமுறையாக ஃபோகஸ் வைத்துக் காத்திருங்கள். 400 மி.மீ., எஃப் 5.6, 15 மீட்டருக்குக் கூர்மை நிற்கும் ஆழம் அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு. இறங்கும் பறவை அதற்குள் வந்துவிடும். ப்ரீ-கேப்சர் வசதியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், விரல் தாமதித்தாலும் முந்தைய நொடி பதிவாகியிருக்கும். அது மின்னணு ஷட்டரில் இயங்குவதால், படத்தை வரிவரியாக மெதுவாகப் பதிவுசெய்யும் சென்சாரில் இறக்கை வளைந்து தெரியும். அப்படி வந்தால் மெக்கானிக்கல் ஷட்டருக்குத் திரும்புங்கள்.

ஃபிளாஷ், டார்ச், பதிவு செய்த குரல், கட்டிவைத்த எலி எதுவும் வேண்டாம். நவம்பர் முதல் ஏப்ரல் வரை பெரும்பாலும் குஞ்சு பொரிக்கும் காலம். அலகில் இரையோடு பொந்துக்குள் போகாமல் ஆந்தை வெளியே காத்திருந்தால், தடுப்பது நீங்கள்தான். கேமராவைத் தூக்கிக்கொண்டு நகருங்கள்.

படத்தைப் போடும்போது ஜி.பி.எஸ். தகவலை நீக்குங்கள், ஊர்ப்பெயரும் சொல்லாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆந்தையைப் பிடிப்பதைத் தடுத்திருந்தாலும், மாந்திரீகத்துக்காகத் தீபாவளியை ஒட்டி அவற்றைப் பிடித்து விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.